படம் பார்த்த மாப்பிள்ளை

தேவானந்தம் அறைக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். போட்டதோடு நிற்காமல் ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

"செல்லை அணைச்சு இப்படிக் குடுங்க தம்பி. முடியற வரைக்கும் யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க. கத்தினாலும் வர மாட்டாங்க, சொல்லி வச்சிருக்கேன்."

குணா செல்போனைக் கொடுத்தான். பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படியெல்லாம் நடக்கும் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டான். சொன்னவள் பெண்ணே என்பதால் நம்பினான்.

அந்தப் பெண் ஜெயஸ்ரீக்கும் அவனுக்கும் திருமுடிவாக்கத்தில் ஒரே கம்பெனியில் வேலை. அவளுடைய அப்பாவைத் தாண்டினால் கல்யாணம். தாண்டாவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலையூரிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வருகிறார்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் தேவானந்தம் வீட்டுக்கு இன்டர்நெட் வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு கொள்கை. ஜாதகம் பொய் சொல்லும், சம்பள ரசீது பொய் சொல்லும். கோரமான காட்சியைப் பார்க்கிற முகம் மட்டும் பொய் சொல்லாது. யாரோ நெட்டில் ஏற்றிவிட்ட விபத்துப் படம் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு, வருகிற மாப்பிள்ளைக்கெல்லாம் போட்டுக் காட்டினார்.

முதலில் வந்தவர் சிரித்துவிட்டார். "பயத்துல சிலருக்குச் சிரிப்பு வரும்ங்க" என்று மனைவி சாமுண்டீஸ்வரி சொல்லிப் பார்த்தாள். தேவானந்தம் "கல்நெஞ்சன்" என்று அனுப்பிவிட்டார். இரண்டாமவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். வாசலில் கிடந்த தேவானந்தத்தின் செருப்பு வரைக்கும்தான் அவரால் போக முடிந்தது. மூன்றாமவர் கடைசிவரை பார்த்துவிட்டு, "சூப்பர் சார், பென் டிரைவ்ல போட்டுத் தர்றீங்களா?" என்றார். அவருக்குக் காபிகூடக் கிடைக்கவில்லை.

குணாவின் கஷ்டம் வேறு. கம்பெனியில் ஒருவனுக்கு லேத்தில் விரல் நசுங்கியபோது, நசுங்கியவன்தான் மயங்கி விழுந்த குணாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். ரத்தத்தோடு அவனுக்கு அவ்வளவு நெருக்கம்.

ஆகவே ஜெயஸ்ரீ பாடம் நடத்தியிருந்தாள். "நீ படத்தைப் பார்க்காதே. கம்ப்யூட்டருக்கு மேலே குன்றத்தூர் முருகன் காலண்டர் மாட்டியிருக்கு, அதையே பாரு. ஒரு பெருமூச்சு விடு, உதட்டைக் கடி, கடைசியில 'அந்த ஆள் பிழைச்சாரா'ன்னு கேளு. அவ்வளவுதான்."

"நான் பத்து தடவை பார்த்துட்டேன்," என்றார் தேவானந்தம். "ஒவ்வொரு தடவையும் நெஞ்சை அடைக்கும். சவுண்டு வேணாம், பக்கத்து வீட்ல குழந்தைங்க இருக்கு."

மௌஸைத் தட்டிய கையோடு நாற்காலியைத் திருப்பி, திரைக்கு முதுகைக் காட்டி, குணாவின் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அவன் முகத்தையே பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பீரோ, எதிரே தேவானந்தம். எழுந்து ஓடுவதானால் மாமனார் மேல் ஏறித்தான் ஓட வேண்டும். குணா கண்ணைத் தூக்கி முருகன் மேல் வைத்தான்.

ஃபேன் காற்றில் தேதித்தாள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ராசிபலன் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் முருகன் இரக்கப்பட்டார். தாள் அசையாமல் நின்றது. விருச்சிகத்துக்குப் 'பரிசு' என்று போட்டிருந்தது. நல்ல சகுனம் என்று குணா தைரியமாகப் பெருமூச்சு விட்டான்.

தேவானந்தம் தலையாட்டினார்.

உதட்டைக் கடித்தான். நெற்றியில் அரும்பிய வேர்வை காதோரமாக இறங்கிச் சட்டைக்குள் போயிற்று. இமைக்காமல் முறைத்துக்கொண்டிருந்ததில் கண் கலங்கி, ஒரு சொட்டு தானாகவே கன்னத்தில் உருண்டது. அது ஜெயஸ்ரீ சொல்லித் தராதது.

"வேர்க்குது பாருங்க," என்றார் தேவானந்தம், குரல் தழுதழுக்க. அவருக்கும் வேர்த்திருந்தது. "அடுத்தவன் வலி தெரிஞ்சவனுக்குத்தான் இப்படி வேர்க்கும்." தொண்டையைச் செருமிக்கொண்டார்.

படம் முடிந்ததற்கு அதுதான் அடையாளம் என்று குணா எடுத்துக்கொண்டான். "அந்த ஆள் பிழைச்சாரா சார்?"

தேவானந்தம் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சார் இல்ல, மாமான்னு கூப்பிடுங்க. இத்தனை பேர் வந்தாங்க, ஒருத்தன் இதைக் கேட்கலையே. கடைசியில அவர் கையைத் தூக்குவார் பாருங்க, அந்த இடத்துல இன்னிக்கும் எனக்குத் தாங்கல." வேட்டி நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"எனக்கும் அந்த இடம்தான் மாமா."

தேவானந்தம் எழுந்து தாழ்ப்பாளை விலக்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார். "சாமுண்டி, தட்டு மாத்த நாள் பாரு. இவர்தான் மாப்பிள்ளை."

சாமுண்டீஸ்வரி கையில் காபியோடும் கக்கத்தில் பனையோலை விசிறியோடும் உள்ளே வந்தாள். கண்ணைத் துடைக்கிற கணவனைப் பார்த்தாள். கண்ணைத் துடைக்கிற மாப்பிள்ளையைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள்.

"நீங்க கதவைச் சாத்தின கொஞ்ச நேரத்துலேயே கரண்ட் போயிடுச்சே. ரெண்டு பேரும் எதைப் பார்த்து அழுதீங்க?"