குண்டு பல்பு

தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோனதிலிருந்து, எபனேசர் வீட்டுக் கூண்டிலிருந்த ஐந்து குஞ்சுகளுக்கும் குண்டு பல்புதான் தாய். பனி இறங்கத் தொடங்கிய ஒரு மாலையில் அது ஃபியூஸ் போனது. கோத்தகிரி கடைவீதி முழுக்க எல்இடிதான் இருந்தது.

"இதுல வெளிச்சம் இன்னும் நல்லா வரும், சார்" என்றார் கடைக்காரர்.

"வெளிச்சம் யாருக்குப்பா வேணும்" என்று முணுமுணுத்தபடியே எபனேசர் ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். குஞ்சுகள் ஏமாந்துபோய் அதனடியில் ஒண்டி நின்று நடுங்கின. பல்பைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது.

அப்போது கனடாவிலிருந்து மகள் ஷைனி வீடியோ காலில் வந்தாள். வாரம் ஒருமுறை, ஐந்து நிமிடம். அந்த வீட்டில் கேட்கும் பேச்சு அது ஒன்றுதான். சாப்பிட்டீர்களா, ஸ்வெட்டர் போட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைக்கப்போனாள். பேசத் தொடங்கினாலே சுடுகிற பழைய போன், அவர் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

"வச்சிடாதம்மா" என்றார். போனைத் துணியில் சுற்றி வைக்கோலுக்குள் செருகினார். குஞ்சுகள் ஒவ்வொன்றாக அதன்மேல் ஏறி உட்கார்ந்தன.

"என்னப்பா, ஒரே இருட்டா இருக்கு? நான் என்ன பேசறது?"

"என்னத்தையாவது பேசு. இப்பதான் சூடு ஏறுது."