நாலாவது தட்டு

சவுரிமுத்து கண்ணாடித் தட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். ஒரு புள்ளி இருந்தால் போதும்.

ஒன்றுமில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்த ஆய்வுக்கூடத்தில் தட்டுக் கழுவுகிற வேலை அவருக்கு. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆராய்ச்சி செய்கிற தீபிகா நாலு தட்டில் நாலு வகைக் கிருமி தடவி, யூவி விளக்கின் கீழே இருபது எண்ணும்வரை வைப்பாள். மறுநாள் மூன்று தட்டில் ரவை தெளித்த மாதிரி முளைத்திருக்கும். நாலாவது துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

நேற்றுக் கேட்டேவிட்டார். "அதுல நீ போட மறந்திருப்ப. எங்கிட்ட கதை விடாத."

"லைட்டு பட்டா எல்லா கிருமிக்கும் உள்ள டிஎன்ஏ கெட்டுப்போவும் தாத்தா. மத்ததுங்க கெட்ட இடத்த வெட்டி எடுத்துட்டு சரி பண்ணிக்கும். இதுக்குப் பொறவியிலயே அது வராது. நம்பலன்னா நீங்களே வெச்சுப் பாருங்க."

வைத்தார். நாலாவது தட்டில் இருந்த அதே கிருமி, இரண்டு தட்டு. ஒன்றை விளக்கில் காட்டவே இல்லை. மற்றதைக் காட்டி, தானே எண்ணினார். பதினைந்திலேயே அணைத்துவிட்டார். தீபிகாவிடம் சொல்லவில்லை.

இன்று விளக்குப் படாத தட்டில் நிறைய முளைத்திருந்தது; கையிலிருந்த மற்றதில்தான் ஒன்றுமில்லை.

"வெயில்லயும் இதே லைட்டுதானா?"

"கொஞ்சம் இருக்கும் தாத்தா." போனைப் பார்த்தபடியே தீபிகா சாப்பிடப் போனாள்.

அவர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

மகள் ஆஞ்சலாவின் முகமெல்லாம் கறுப்பாகப் புள்ளி விழுந்தபோது, ஆஸ்பத்திரியில் டாக்டர் இதையேதான் சொன்னார். வெயிலே படக்கூடாது, இந்த உடம்புக்குச் சரி பண்ணிக்கொள்ளத் தெரியாது. மனைவி ரத்தினம்மாள் நம்பினாள். பிள்ளைக்கு முழுக்கை கவுன் தைத்தாள், ஜன்னலுக்குத் துணி கட்டினாள்.

அவர் அந்தத் துணியைப் பிடுங்கி எறிந்தார். வெயிலில் கெட்டுப்போன பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது?

ஒன்பது வயதில் ஆஞ்சலாவை அடக்கம் பண்ணிய மறுநாள் ரத்தினம்மாள் அவரை விட்டுப் போய்விட்டாள். அப்புறம் முப்பது வருஷம், பிரேசர் டவுனில் ஒற்றை அறை. தன்மேல் தப்பில்லை என்கிற எண்ணம் ஒன்றுதான் அங்கே அவரோடு குடியிருந்தது.

தட்டை மறுபடியும் சாய்த்தார்.

தினமும் காலையில் மொட்டை மாடி வெயிலில் ஆஞ்சலாவை நிறுத்திவைத்து அவரேதான் எண்ணுவார். நூறு வரை.

ஒருநாளும் நடுவில் நிறுத்தியதில்லை.