மூன்றாவது துணி

இரண்டாவது துணியும் வீணாகிப் போனது.

மதுமதி அதைத் திருப்பிப் பார்த்தாள். மேலே தையல் ஒழுங்காகத்தான் இருந்தது. அடியில், ஆரம்பித்த இடத்திலேயே நூல் சுருண்டு கொத்தாக முடிச்சு விழுந்திருந்தது.

"என்னம்மா, மறுபடியும் சிக்கா?" சூப்பர்வைசர் தங்கபுஷ்பம் மேசையிலிருந்தே கேட்டாள்.

"மேடம், மெஷின்ல ஏதோ..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இன்னும் ஒரு துணிதான் இருக்கு. மொத நாலு தையல் சுத்தமா விழணும், அதான் இங்க பரீட்சையே. ஆரம்பமே புடிக்கலைன்னா தையல் எப்படி நிக்கும்?"

தி.நகரில் ஒரு துணிக்கடையின் நாலாவது மாடி. பிளவுஸ் தைக்கும் பிரிவு. காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். ட்ரையலுக்கு வந்திருந்தது இரண்டு பேர். சும்மா கிடந்த இரண்டு பவர் மெஷின்களைக் காட்டி, ஆளுக்கு மூன்று துண்டுத் துணி கொடுத்திருந்தார்கள்.

மதுமதி கடைசித் துணியைக் கையில் எடுத்தாள்.

பன்னிரண்டு வருஷம் வேறொரு கடையில் சேலை எடுத்துக் காட்டியவள் அவள். ஸ்டூல் போட்டிருந்தார்கள். கூட்டம் இல்லாதபோது உட்காரலாம். தி.நகரில் கூட்டம் இல்லாத நேரம் ஏது? நரம்பு சுருண்டு இடது கால் புண்ணாகிவிட்டது. 'இனிமே நிக்கற வேலையே கூடாது' என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

இந்த வேலைக்காகவே ஆதம்பாக்கத்தில் ஒரு தோழி வீட்டில் ஒரு மாதம் பவர் மெஷின் பழகினாள். முதலில் நூலே இல்லாமல், வெறும் காகிதத்தில். பெடலை மிதிக்கக் கூடாது, தொட்டால் போதும் என்று கால் கற்றுக்கொள்ளவே பத்து நாள் ஆயிற்று. கையால் சக்கரத்தைத் திருப்பி ஊசியைத் துணிக்குள் இறக்கு. இரண்டு நூல் நுனியையும் பின்பக்கம் இழுத்துப் பிடி. நாலு தையல் போகும்வரை விடாதே.

எல்லாவற்றையும்தான் செய்தாள். அப்புறமும் சிக்கு.

காலையில் படிக்கட்டில் காத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மதுமதியின் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்து விசாரிக்க, அவளிடம் மதுமதி மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். அவள் பேர் உம்மே ஹானி. முப்பது வயசிருக்கும். "எனக்கும் இந்த வேலை கெடச்சே ஆவணும்க்கா" என்று மட்டும் சொன்னாள். கதவு திறந்ததும் முதல் ஆளாக ஓடி, ஜன்னலோர மெஷினில் உட்கார்ந்துகொண்டாள்.

இன்னும் ஒரு துணியைக்கூட அவள் தொடவில்லை. மதுமதி திண்டாடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று எழுந்து வந்தாள்.

"அக்கா, எந்திரிங்க. எனக்கு இந்த மெஷின் வேணும்."

"நான் பாதியில இருக்கேன். பாத்தா தெரியல?"

"அங்க ஃபேன் காத்தே வரல. மேடம், நாங்க மாத்திக்கலாம்ல?"

"எதுல தச்சா என்ன? சீக்கிரம் முடிங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

மதுமதிக்கு ஆத்திரம் பொங்கியது. கடைசித் துணி இருக்கும்போதா இப்படிக் கையைத் தட்டிவிடுவார்கள்? வாதாடினால் அதையும் குறையாக எழுதிவிடுவார்களோ என்று பயந்து எழுந்தாள்.

ஜன்னலோர மெஷினில் ஊசியில் நூல் கோக்கவே மூன்று முறை ஆயிற்று. ஊசியை இறக்கினாள். நூல் நுனிகளை இழுத்துப் பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு பெடலைத் தொட்டாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

முழுக்கத் தைத்துவிட்டு, திருப்பிப் பார்க்கத் தைரியம் வராமல் அப்படியே நீட்டினாள்.

தங்கபுஷ்பம் துணியைப் புரட்டினாள். நகத்தால் தையலைக் கீறிப் பார்த்தாள். "சுத்தமா இருக்கு. கீழயும் நல்லா விழுந்திருக்கு. இதை மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா?"

மதுமதிக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பக்கம் உம்மே ஹானியின் முதல் துணி சிக்கியது. இரண்டாவதும் சிக்கியது. மூன்றாவதும். அவள் மூன்றையும் மடித்து மேசைமேல் வைத்தாள்.

"உனக்குக் கை வரலம்மா. போயிட்டு வா."

'அடுத்தவ இடத்தைப் புடுங்கினா இப்படித்தான் ஆகும்' என்று மதுமதி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வாசலில் உம்மே ஹானி திரும்பி, "காலைப் பாத்துக்குங்கக்கா" என்றாள். மதுமதி காதில் விழாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில், வாராவாரம் சர்வீஸ் பார்க்க வரும் மெக்கானிக் பாலு வந்தான். உம்மே ஹானி எழுந்துபோன மெஷினைச் சாய்த்து உள்ளே விரல் விட்டுத் தடவினான்.

"இன்னா மேடம், இதுலயா ட்ரையல் வச்சீங்க? உள்ள நூலைப் புடிக்கிற ஹூக்குல பிசிறு கீது. எவ்ளோ பெரிய டெய்லர் உக்காந்தாலும் ஆரம்பத்துலயே நூலைக் கவ்விடும்."

தங்கபுஷ்பத்தின் முகம் மாறியது.

"மெஷின்தான் சரியில்லைன்னு அந்தப் பொண்ணு நேத்தே சொன்னப்போ நான்தான் நம்பல."

"எந்தப் பொண்ணு மேடம்?" என்றாள் மதுமதி.

"இப்பப் போனாளே, உம்மே ஹானி. நேத்து இதே மெஷின்லதான் மூணு துணியும் கெட்டுப்போச்சு அவளுக்கு. அழுது கெஞ்சி இன்னிக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கிட்டுப் போனா. காலையில ஓடி வந்து நல்ல மெஷினாப் பாத்துப் புடிச்சவ, தெரிஞ்சே எதுக்கு மறுபடி இதுல வந்து உக்காந்தா?"