பிரித்துவிட வேண்டிய மடிப்புகள்

"எத்தனை டக்கு பிடிப்பேடி? பாவாடை ஜட்டியாயிடும் போலிருக்கே!" என்று ஒருமுறை சகாயமேரி கேட்டாள். மார்பிலிருந்து எலும்புவரை புற்றுநோய் பரவிய இளம்பெண்கள் கூடும் அறை அது. எல்லோரும் சிரித்தார்கள்.

வெண்ணிலா நான்கு வயது மகளின் பட்டுப்பாவாடையில் மடிப்பு மடிப்பாக டக்கு பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும்.

"அவ வயசுக்கு வர்ற வரைக்கும் பத்தணுமேக்கா."

வெயில் பட்டு, பாவாடையின் நீலம் கூரையில் தண்ணீர்போல அசைந்தது. அறையே மெல்ல மிதந்தது.

அழைத்துப்போக வந்த கணவனிடம் ஊசியை நீட்டினாள். "ஒண்ணு பிரிங்க, பாக்கலாம். பட்டு கிழியக் கூடாது."

அவன் கிழியாமல் பிரித்தான். பிறகு அதையே மறுபடி மடித்தான். தைக்கத் தெரியாமல், மடிப்பை விரல்களால் இறுக்கிப் பிடித்தபடி பாவாடையோடு வெளியே போனான்.