1047-ஆம் எண்ணின் உரிமையாளர்

வேலைக்குச் சேர்ந்து நான்கே நாள். அதற்குள் பெட்டி நிரம்பிவிட்டதாம்.

புது விரிவுரையாளர் தாட்சாயணி காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டாள். ஒரு மின்னஞ்சல்கூட வந்து சேரவில்லை, இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறது என்றாள்.

அவன் நம்பவில்லை. பதினேழு வருடமாகப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் சர்வரைக் கட்டி மேய்க்கிறவன். புகார் சொல்பவர்களில் பாதிப் பேர் கடவுச்சொல்லை மறந்தவர்கள். மீதிப் பேர் அதை ஒப்புக்கொள்ளாதவர்கள்.

இந்த முறை புகார் உண்மை.

அவள் பெட்டி காலி. ஆனால் அவள் பெயரில் இன்னொரு கோப்புறையும் கிடந்தது. உள்ளே எட்டாயிரம் கடிதங்கள்.

கோப்புறையின் பெயர் அருளப்பன். உரிமையாளர் தாட்சாயணி.

சர்வருக்கு ஆட்களைப் பெயரால் தெரியாது. எண்ணால்தான் தெரியும். இந்த அலுவலகத்தில் ஒருவர் போனால் அவர் எண்ணை அடுத்து வருபவருக்குக் கொடுத்துவிடுவார்கள், காலி நாற்காலியைக் கொடுப்பதுபோல. 1047, அவனோடு இதே அறையில் வேலை பார்த்த அருளப்பனின் எண். அருளப்பன் செத்ததும் கணக்கை மட்டும் நீக்கியிருந்தார்கள், கடிதங்களை விட்டுவிட்டார்கள். இப்போது அதே எண் தாட்சாயணிக்கு; அந்தச் சுமை முழுக்க இந்தப் பெண்ணின் தலையில்.

கணக்கை நீக்கியவன் அவன்தான். எண்ணைத் தூக்கிக் கொடுத்தவனும் அவன்தான். யாரைத் திட்டுவது?

மேலதிகாரி சுகந்தியிடம் கேட்டான். போனவருடைய கடிதம் யாருக்கு வேண்டும், அழித்துவிடுங்கள் என்றார்.

அழிக்க ஒரு வரிக் கட்டளை அடித்தால் போதும். அவன் அடிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் சர்வர் ஒருநாள் முழுக்கப் படுத்துவிட்டது. தவறு அவனுடையது. விசாரணையில் அருளப்பன் பெயரைச் சொல்லிவிட்டான். அருளப்பனுக்கு மெமோ வந்தது. அன்று மாலை அவன் மன்னிப்புக் கேட்டு அருளப்பனுக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பினான்.

அதற்குப் பிறகு அருளப்பன் பதினோரு நாள் உயிரோடு இருந்தான். இருவர் மேஜைக்கும் நடுவே ஒரு தண்ணீர் கேன்தான். இருவரும் பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் நெஞ்சுவலி.

அருளப்பன் அந்தக் கடிதத்தைப் பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தால் பேசாமல் இருப்பானா? இதைச் சொல்லிச் சொல்லியே அவன் இரண்டு வருடத்தை ஓட்டியிருக்கிறான்.

படிக்காத கடிதங்களையும் படித்தவற்றையும் சர்வர் தனித்தனியாகப் பிரித்து வைக்கும். திறக்க வேண்டியதில்லை, தேதியைப் பார்த்தால் போதும். படிக்காதவை ஏழு இருந்தன. ஏழும் சாவுக்குப் பிறகு வந்தவை.

அப்படியானால் படித்திருக்கிறான்.

படித்துவிட்டுத்தான் பேசாமல் இருந்திருக்கிறான்.

அவனுக்கு அலுப்பாக இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தான். திரையில் பட்டியல் அப்படியே நின்றது.

எழுதி அனுப்பாதவற்றுக்கு என்று ஒரு இடம் உண்டு. அங்கே ஒன்றே ஒன்று கிடந்தது. அவன் மன்னிப்புக் கேட்ட அதே மாலையின் தேதி.

இத்தனை வருடத்தில் அடுத்தவர் கடிதத்தை அவன் திறந்ததில்லை. எல்லாப் பூட்டுக்கும் சாவி அவனிடம் இருந்தது. அதனாலேயே திறந்ததில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு உரிமையாளரை மாற்றும் கட்டளையை அடித்தான். தன் பெயருக்கு.

எட்டாயிரம் கடிதங்களும் அவனுடையவை ஆயின. இது யாரை ஏமாற்ற என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

போன் அடித்தது. தாட்சாயணிதான். மெயில் எல்லாம் வர ஆரம்பித்துவிட்டது, ரொம்ப நன்றி சார் என்றாள். சரிம்மா என்று வைத்துவிட்டான்.

அனுப்பாத அந்த ஒன்றைத் திறந்தான்.

"டேய் மாப்ள, இதை நேர்ல வந்து சொல்ல உனக்கு என்ன"

அருளப்பன் அதோடு நிறுத்தியிருந்தான். பிறகு பதினோரு நாள் எதிர் மேஜையிலேயே இருந்தான்.