பம்பு செட்டிலிருந்து ஒரு வரி

கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் நன்மாறனின் மேஜையில் ஒரு பேனாவும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் இருந்தன. ஏதோ ஆபீஸின் பழைய மேஜையை அவர் வாங்கியபோது டிராயருக்குள் கிடந்தது அந்த ஸ்டாம்ப். அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: 'பெறப்பட்டது' என்று குத்துவது.

"முப்பது வருஷமா ஒரே வார்த்தை. ஓர் எழுத்து பிசகினதில்லை," என்றது ஸ்டாம்ப். "நீ என்னடான்னா காலையில பல்பொடி விளம்பரம், மத்தியானம் ஜவுளிக்கடை நோட்டீஸ், சாயங்காலம் கோயில் தல வரலாறு. உனக்குன்னு ஒரு துறை வேண்டாமா?"

பேனாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அன்று பம்பு செட் கடை அருணகிரியின் மகள் வளர்மதி வந்தாள்.

"அப்பா தவறிட்டாருங்க சார். அஞ்சலி நோட்டீஸுக்கு நாலு வரி வேணும். எல்லாரும் போடுற மாதிரி வேண்டாம்."

போன வருஷம் அருணகிரியின் பம்புக்கு விளக்கக் குறிப்பு எழுதியது இதே பேனாதான். அவர் பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்ன வரி அதற்கு ஞாபகம் வந்தது. அதையே எழுதியது: 'சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். தண்ணீர் வரும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.' அதன் கீழே, 'எங்களோடு அப்படி நின்றவர் எங்கள் அப்பா.'

"ஐயோ, அது மோட்டார் வரி! மாத்தி எழுதிட்டியே!" என்று பதறியது ஸ்டாம்ப்.

வளர்மதி தாளை இரண்டு முறை படித்தாள். "அப்பாவேதான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாராட்டலாம் என்று ஸ்டாம்ப் வாயைத் திறந்தது. ஆனால் பழகிய வார்த்தைதான் வந்தது.

"பெறப்பட்டது."