லும்பியாவுக்குள் ஒரு பச்சை

தேவாலயப் பூசை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. இலோயிலோ நகரத்து வெயில் ஜன்னல் வழியாகச் சாப்பாட்டு மேசையின் பாதி வரை ஏறியிருக்கிறது. ஏழு வயது லுனிங்னிங் தட்டிலிருக்கும் லும்பியாவை, கறி வைத்துப் பொரித்த அந்தச் சுருளை, உற்றுப் பார்க்கிறாள். பொன்னிறமாகச் சுருண்டு, பார்வைக்குச் சாதுவாகத்தான் கிடக்கிறது. ஆனால் பொரித்தது மிலாக்ரோஸ் சித்தி. போன மாதம்தான் அப்பாவைக் கட்டிக்கொண்டு, செத்துப்போன அம்மாவின் அடுப்படிக்கு வந்தவள். கரண்டி விளிம்பால் அழுத்தியதும் மேல்தோல் மொறுக்கென்று உடைகிறது. உள்ளே கொத்துக்கறி, ஆவி, நடுவில் கடுகளவு பச்சை. அதை முள்கரண்டியில் குத்தி வெயிலில் தூக்கிப் பிடிக்கிறாள். சித்தி துடைத்த இடத்தையே மறுபடி துடைக்கிறாள். “இதுல என்ன இருக்கு?” என்கிறாள் சிறுமி. “வெறும் பன்னிக்கறிதாம்மா, பேசாம சாப்பிடு,” என்கிறார் அப்பா ரொமுலோ, தலை நிமிராமல். சித்தியின் கை நிற்கிறது. “முருங்கைக்கீரை இருக்கு. கேரட்டும் துருவிப் போட்டிருக்கேன். உன் கண்ணுல படக்கூடாதுன்னுதான் பொடிசா நறுக்கினேன்.” அப்பா சித்தியைக் கண்ணாலேயே அதட்டுகிறார். லுனிங்னிங் முள்கரண்டியை இன்னும் இறக்கவில்லை. “பாவக்கா?” “அது இல்ல. போட்டிருந்தா சொல்லிருப்பேன்.” பச்சையைப் பார்த்த அதே கண்ணால் சித்தியின் முகத்தையும் வெகுநேரம் பார்க்கிறாள் லுனிங்னிங். பிறகு ஓரத்தில் எலி கொறிப்பதுபோல் ஒரு கடி. மெல்கிறாள், நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, துப்பவும் இல்லை. விழுங்கிவிட்டு மெதுவாக அப்பா பக்கம் திரும்புகிறாள். “நேத்து நீங்க வெச்ச சூப்புல கீரையே இல்லேன்னீங்களே, நெசமாப்பா?” ரொமுலோ லும்பியாவைத் தோய்க்கும் வினிகர் கிண்ணத்தைத் தேடுகிறார். அது அவர் கையிலேயே இருக்கிறது.